ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்: அறுந்த நரம்பும் ஷ்வான் செல்லும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்காக. கேட்டவருடைய தம்பிக்கு ஜன்னல் கண்ணாடி உடைந்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. சுண்டுவிரல் பக்கமாகக் கைக்குள் ஓடுகிற அல்நார் நரம்பு அறுந்து, மறுநாளே அறுவை சிகிச்சையில் தைத்திருக்கிறார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துக் கிடக்கின்றன, விரல்களை அகலப் பிரிக்க முடியவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், பொறுமையாக இருங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். தைத்தாகிவிட்டதே, அப்புறம் ஏன் வளர வேண்டும்? தண்டுவடம் அறுந்தால் வளராது என்கிறார்களே, கையில் மட்டும் எப்படி வளரும்? ஷ்வான் செல் என்று எங்கோ படித்தேன், அது இதில் என்ன செய்கிறது? நரம்புக்கு மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா? இவைதான் கேள்விகள்.

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பவன். உங்கள் தம்பியின் கையைப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் அவருக்கான சிகிச்சை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தக் கைக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை விளக்க முடியும், அது தெரிந்தால் காத்திருப்பது கொஞ்சம் எளிதாகும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பேச்சில் கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக்குழாயும் நரம்புதான், இலையில் ஓடுகிற கோடும் நரம்புதான், வீணைக் கம்பியும் நரம்புதான். இங்கே நான் சொல்வது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகிற நரம்பு. பார்க்க வெள்ளையாக, ஈரமான நூல்கயிறு மாதிரி இருக்கும். முன்கையில் ஓடுகிற அல்நார் நரம்பு ஒரு மெல்லிய பென்சிலின் பாதிப் பருமன்கூட வராது, ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வொரு இழையும் ஒரு தனி செல்லின் நீண்ட வால். ஆக்ஸான் என்பார்கள். அந்த செல்லின் உடல் கையில் இல்லை. கழுத்துப் பக்கம், தண்டுவடத்துக்குள்ளோ அதை ஒட்டியோ இருக்கிறது. சுண்டுவிரல் நுனி வரை வருகிற வால், கழுத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு செல்லுடையது. இதை மனதில் வைத்துக்கொண்டால் முதல் கேள்விக்குப் பதில் பாதி வந்துவிடும்.

கண்ணாடி வெட்டியபோது ரத்தம் வருகிற குழாய் அறுந்த மாதிரி அறுந்தது என்று நினைக்காதீர்கள். செல்களின் வால்கள் துண்டாகிவிட்டன. வெட்டுக்குக் கீழே இருக்கிற பகுதிக்கு இனி தாய் செல்லோடு தொடர்பே இல்லை. அறுவை சிகிச்சையில் நுண்ணோக்கி வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தது நரம்பின் மேலுறையைத்தான். உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான ஆக்ஸான்களை யாரும் தைக்க முடியாது. இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துக் கொடுப்பதோடு டாக்டரின் வேலை முடிகிறது. மேல்முனையிலிருந்து ஒவ்வொரு ஆக்ஸானும் புதிதாக, விரல் வரைக்கும் மறுபடி நீள வேண்டும். அதற்கு வழிகாட்டுவதுதான் ஷ்வான் செல்.

பெயர் வந்தது தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மானியரிடமிருந்து. 1839-இல், எல்லா விலங்குத் திசுக்களும் செல்களால் ஆனவை என்று நிறுவிய அதே புத்தகத்தில், நரம்பிழைகளை ஒட்டி இருக்கிற இந்த செல்களையும் விவரித்திருந்தார். வரிசையாக நிற்கிற செல்கள் ஒன்றோடொன்று கலந்து நரம்பிழையாகின்றன என்று அவர் எண்ணினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் முன்பெல்லாம் தவளையின் தொடை நரம்பை எடுத்து ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஊறவைப்போம். கொழுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கறுப்பேறும். பிறகு ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, இரண்டு மெல்லிய ஊசிகளால் பொறுமையாகக் கோதிக் கோதிப் பிரிக்க வேண்டும். பத்து நிமிடம் கோதினால் கட்டிலிருந்து ஓர் இழை தனியாக வரும். நுண்ணோக்கியில் அது ஒரு கறுத்த மயிர் போலத் தெரியும், ஆனால் தொடர்ச்சியாக அல்ல. கொஞ்ச தூரம் கறுப்பு, அப்புறம் பொட்டு மாதிரி ஒரு வெளுத்த இடைவெளி, மறுபடி கறுப்பு. கறுத்த துண்டின் நடுவில், ஓரமாக, ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்புதான் ஷ்வான் செல்லின் உட்கரு. அந்தக் கறுத்த துண்டு முழுவதும் ஒரே ஒரு ஷ்வான் செல். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் ஸ்லைடை விட்டு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

கறுத்தது மயலின் உறை. இந்த உறை ஆக்ஸானுடையதா ஷ்வான் செல்லுடையதா என்பதே வெகுகாலம் தகராறாக இருந்தது. 1954-இல் பெட்டி கெரன் என்ற ஆராய்ச்சியாளர் கோழிக் கருவின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஷ்வான் செல்லின் சவ்வே ஆக்ஸானைச் சுற்றிச் சுற்றி, சுருட்டிவைத்த பாய் போல அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்று காட்டினார். பருத்த இழைகளில் நூறு சுற்று வரைகூடப் போகும். சுற்றச் சுற்ற, இடையில் இருக்கிற செல்நீர் பிதுங்கி வெளியேறி, கொழுப்பு நிறைந்த சவ்வு மட்டும் இறுகிப் படிகிறது. ஒரு செல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தை மூடும். இடுப்பிலிருந்து கால் வரை ஒரு மீட்டர் ஓடுகிற ஓர் இழைக்கு ஆயிரம் ஷ்வான் செல்கள் வரிசையில் நிற்கின்றன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உறையை மின்கம்பியின் ரப்பர் என்று சொல்வது வழக்கம். பாதிதான் சரி. ரப்பர் மின்சாரம் கசியாமல் தடுக்கும், அவ்வளவுதான். மயலின் இருக்கும்போது செய்தி போகிற விதமே மாறுகிறது. அந்த வெளுத்த இடைவெளிகளை 1870-களில் விவரித்தவர் பிரான்சின் ரான்வியே. இன்றும் ரான்வியே கணு என்றுதான் சொல்கிறோம். சோடியம் நுழைகிற வாயில்கள் அந்தக் கணுக்களில் மட்டும் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன, நடுவில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவிப் போகிறது. கையில் நரம்புச் சோதனை செய்தால் நொடிக்கு 50, 60 மீட்டர் என்று ரிப்போர்ட்டில் வருவது இதனால்தான். வாயில்களை அந்தந்தக் கணுவில் சேர்த்துவைப்பதிலும் ஷ்வான் செல்லுக்குப் பங்கு உண்டு.

எல்லா இழைக்கும் மயலின் கிடையாது. குழந்தை கருவில் இருக்கும்போதே ஷ்வான் செல்கள் ஆக்ஸான் கட்டுகளுக்குள் கையை நுழைத்து, பருத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஒன்று என்று கூடச் சேர்ந்துகொள்கின்றன. மெல்லிய இழைகளைப் பலவாகச் சேர்த்து ஒரே செல் தன் உடலின் பள்ளங்களில் வைத்துக்கொள்கிறது, உறை சுற்றுவதில்லை. யாருக்கு எவ்வளவு உறை என்பதை ஆக்ஸானே சொல்கிறது. தன் மேற்பரப்பில் நியூரெகுலின் என்ற புரதத்தை எவ்வளவு வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்து ஷ்வான் செல் சுற்றுகிறது. உறை இல்லாத இழையில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால் விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று வந்து, ஒரு மூச்சு கழித்து எரிச்சலோடு இன்னொரு வலி மெதுவாகப் பரவுமே, முதலாவது மெல்லிய மயலின் உள்ள இழையில் வந்தது, இரண்டாவது உறையில்லாத இழையில் வந்தது. இரண்டுமே ஒரே நேரத்தில்தான் கிளம்பின.

சரி, உங்கள் தம்பியின் கைக்கு வருவோம்.

வெட்டுப்பட்ட சில நாளிலேயே கீழ்ப்பகுதி ஆக்ஸான்கள் துண்டுதுண்டாக உடைகின்றன. 1850-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிவிட்டு, நாக்கை நுண்ணோக்கியில் நாள்தோறும் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். அதனால் வாலர் சிதைவு என்று பெயர். உணவு கிடைக்காமல் தானாக வாடிப்போகிறது என்றுதான் நூறு வருடத்துக்கும் மேலாக நினைத்திருந்தார்கள். 1989-இல், நரம்பை வெட்டியும் வாரக்கணக்கில் சிதையாத ஒரு வகைச் சுண்டெலி தற்செயலாகக் கிடைத்தபோதுதான், சிதைவு என்பது ஆக்ஸான் தானே நடத்துகிற ஒரு வேலை என்பது புரிய ஆரம்பித்தது. அதைத் தொடங்கிவைக்கிற சார்ம்1 என்ற புரதம் 2012-இல் அடையாளம் தெரிந்தது. இன்னொன்று, சிதைவதற்கு முந்தைய சில நாள்களில் கீழ்ப்பகுதி நரம்பு இன்னும் மின்துடிப்பைக் கடத்தும். அதனால்தான் வெட்டுப்பட்ட அன்றே நரம்புச் சோதனை எடுத்தால் குழப்பமாக வரும், இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கச் சொல்வார்கள்.

இப்போது ஷ்வான் செல்லின் நிலையை யோசியுங்கள். வருடக்கணக்கில் எந்த ஆக்ஸானைச் சுற்றிக்கொண்டிருந்ததோ அது உள்ளேயே நொறுங்கிவிட்டது. உடம்பில் மற்ற பல செல்கள் இந்த மாதிரி நிலையில் இறந்துபோகும். ஷ்வான் செல் பெரும்பாலும் இறப்பதில்லை, தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. மயலின் செய்யச் சொல்கிற மரபணுக்களை அணைக்கிறது. தான் சுற்றிவைத்த உறையைத் தானே உடைத்து விழுங்க ஆரம்பிக்கிறது. பிறகு ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்களை, அதாவது துப்புரவு செய்கிற வெள்ளை அணுக்களை, வேதிச் செய்தி அனுப்பி வரவழைக்கிறது; மூன்றாம் நாளுக்குள் அவை வந்து சேர ஆரம்பித்துவிடும். குப்பையைச் சுத்தம் செய்துகொண்டே பெருகுகிறது. ஆக்ஸானை வளர்க்கிற புரதங்களைச் சுரக்கிறது. அப்புறம் தன் உருவத்தையே மாற்றி, பழைய நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஒல்லியாக நீண்டு, பக்கத்துச் செல்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து விரல் வரைக்கும் ஒரு தொடர் பாதையாகிறது. பாகல்கொடிக்குக் கொழுகொம்பு நட்டு வைக்கிற மாதிரி. ஆக்ஸான் என்கிற கொடி இன்னும் கிளம்பவே இல்லை, ஆனால் கொம்பு தயாராகிவிட்டது.

இந்த மாற்றத்தை வெறுமனே "பழைய குழந்தை நிலைக்குத் திரும்புவது" என்று பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கிறிஸ்ட்யான் ஜெஸ்ஸன், ரோனா மிர்ஸ்கி இருவரும் பல வருடம் உழைத்து, அப்படியல்ல, இது பழுதுபார்ப்பதற்கென்றே உருவாகிற தனி வகை செல் என்று காட்டினார்கள். சி-ஜுன் என்ற ஒரு புரதம்தான் அதற்குச் சாவி. ஷ்வான் செல்களில் மட்டும் அதை நீக்கிய சுண்டெலிகளில் நரம்பு சாதாரணமாகவே வளர்ந்தது, மயலினும் சரியாகவே இருந்தது. நரம்பைக் காயப்படுத்தியதும்தான் வித்தியாசம் தெரிந்தது: குப்பை அகலவில்லை, பாதை ஒழுங்காக அமையவில்லை, ஆக்ஸான்கள் சரியாக வளரவில்லை, தாய் செல்களும் நிறையச் செத்தன. 2012-இல் வந்த இந்த ஆய்வைத்தான் மாணவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். காயம் படும் வரை வெளியே தெரியாத ஒரு திறமை ஒவ்வொரு ஷ்வான் செல்லுக்குள்ளும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரியாது.

தைத்த இடத்தில் இருக்கிற சின்ன இடைவெளியை எப்படித் தாண்டுகிறது என்பது இன்னொரு அழகான கதை. அந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே வந்த மேக்ரோஃபேஜ்கள் அதை உணர்ந்து, ரத்தக்குழாய்களை வரவழைக்கிற புரதத்தைச் சுரக்கின்றன. புதுக் குழாய்கள் இடைவெளிக்குக் குறுக்கே வளர்கின்றன. ஷ்வான் செல்கள் அந்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகின்றன, ஆக்ஸான்கள் ஷ்வான் செல்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகின்றன. 2015-இல் ஆலிசன் லாயிட் குழுவினர் இதைக் காட்டினார்கள். அதே ஊர், அதே கல்லூரி.

ஒரு மில்லிமீட்டர் கணக்குக்கு வருகிறேன். ஆக்ஸான் நீள்வதற்கு வேண்டிய கட்டுமானப் புரதங்கள் கழுத்தில் இருக்கிற தாய் செல்லில் தயாராகி, வாலுக்குள் மெதுவாக நகர்ந்து வர வேண்டும். அந்த நகர்வின் வேகமே நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். அதனால் மனிதரில் ஒன்று, நன்றாகப் போனால் இரண்டு. முதல் சில வாரம் துப்புரவிலும் இடைவெளியைத் தாண்டுவதிலும் போகும். உங்கள் தம்பிக்கு வெட்டிலிருந்து உள்ளங்கைத் தசைகள் வரை 25 சென்டிமீட்டர் என்று வைத்தால் 250 நாள், முன்னால் ஒரு மாதம், ஆக ஒன்பது பத்து மாதம். சுண்டுவிரல் நுனிக்கு இன்னும் கொஞ்சம்.

இந்தக் கணக்கில்தான் எனக்குக் கவலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கொழுகொம்பு என்றேனே, அது என்றென்றைக்கும் நின்றுகொண்டிருக்காது. ஆக்ஸான் வந்து தொடாமல் மாதங்கள் கடந்தால் ஷ்வான் செல்களில் சி-ஜுன் குறைகிறது, வளர்ச்சிப் புரதங்கள் குறைகின்றன, செல்களே எண்ணிக்கையில் குறைகின்றன. கனடாவில் டெஸ்ஸா கார்டன் எலிகளில் செய்த சோதனைகளில், ஆறு மாதத்துக்கு மேல் காத்துக்கிடந்த கீழ்ப்பகுதிக்குள் நுழைந்து தசை வரை போன ஆக்ஸான்கள் மிகக் குறைவாக இருந்தன. தசையும் சும்மா இருப்பதில்லை. ஒன்று ஒன்றரை வருடம் நரம்பு வராவிட்டால் மெலிந்து நார்த்திசுவாகிவிடும், பிறகு நரம்பு வந்தும் பயன் இருக்காது. ஆக, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வருகிற ஆக்ஸானுக்கும், களைத்துக்கொண்டே போகிற ஷ்வான் செல்லுக்கும் இடையே ஓட்டம். மறுநாளே தைத்தது உங்கள் தம்பிக்குக் கிடைத்த பெரிய நன்மை. "கட்டுப் போட்டு ஆறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஆறு மாதம் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். வயதும் ஒரு காரணம்: குழந்தைகளுக்கு நன்றாகத் திரும்பும், வயதானவர்களின் ஷ்வான் செல்கள் பழுதுபார்க்கும் நிலைக்கு மாறுவதிலேயே மந்தமாகிவிடுகின்றன.

இவ்வளவு மேலே வெட்டுப்பட்ட அல்நார் நரம்புக்குச் சில அறுவை நிபுணர்கள் இன்னொரு வழியும் செய்கிறார்கள். முன்கையில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், அவ்வளவாக இழப்புத் தெரியாத ஒரு சின்னத் தசைக்குப் போகும் கிளையை எடுத்து, அல்நாரின் தசைக்கிளையோடு சேர்த்துவிடுவது. 25 சென்டிமீட்டர் ஓட வேண்டியது சில சென்டிமீட்டராகிவிடும். உள்ளங்கையில் இருக்கிற ஷ்வான் செல்களும் தசையும் களைத்துப்போவதற்குள் ஏதோ ஒரு ஆக்ஸான் வந்துவிடும். உங்கள் டாக்டரிடம் அடுத்த முறை இதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், எல்லோருக்கும் தேவைப்படாது, ஆனால் கேட்பதில் தவறில்லை. நரம்பில் துண்டே காணாமல் போய்விட்டால், கணுக்காலின் வெளிப்பக்கம் ஓடுகிற ஓர் உணர்ச்சி நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். ஒட்டு நரம்பில் இருக்கிற ஆக்ஸான்கள் எதற்கும் உதவாது, அவை செத்துவிடும். வேண்டியது அதற்குள் உயிரோடு இருக்கிற நோயாளியின் சொந்த ஷ்வான் செல்கள்தான். செல் இல்லாத செயற்கைக் குழாய்கள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் தடுமாறுவது இதனால்தான்.

தண்டுவடத்தில் ஏன் இதெல்லாம் நடப்பதில்லை? அங்கே ஷ்வான் செல் கிடையாது. மூளையிலும் தண்டுவடத்திலும் மயலின் செய்வது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற வேறு செல். ஒரே செல் பல கைகள் நீட்டிப் பத்து, இருபது, நாற்பது இடங்களில்கூட உறை சுற்றும். ஆக்ஸான் அறுந்தால் அது தொழில் மாற்றிக்கொள்வதில்லை, குப்பையை அள்ளுவதில்லை, பாதை போடுவதில்லை. உடைந்த மயலின் அங்கேயே மாதக்கணக்கில், மனிதர்களில் வருடக்கணக்கில்கூடக் கிடக்கும், அதில் இருக்கிற சில புரதங்கள் வளர வருகிற ஆக்ஸானை நிறுத்திவிடுகின்றன. மூளை, தண்டுவட நரம்புச் செல்லுக்கே வளரத் தெரியாது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1981-இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் எலியின் தொடை நரம்பில் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை மூளைத்தண்டிலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்தினார்கள். தண்டுவடத்துக்குள் வளராத அதே ஆக்ஸான்கள் அந்த ஒட்டுக்குள் மூன்று சென்டிமீட்டர் வரை ஓடின. மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டன. கொடி ஒன்றுதான், கொம்பு மாறியதும் கதை மாறிவிட்டது. பிறகு மயாமியில் நோயாளிகளின் கால் நரம்பிலிருந்து ஷ்வான் செல்களை எடுத்து வளர்த்து, அவர்களுடைய தண்டுவடத்திலேயே ஏற்றிப்பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்தது, எழுந்து நடக்கவைக்கும் பலன் வரவில்லை. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் தண்டுவடம் சரியாகிவிடும்" என்று லட்சங்களில் பணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன்.

நரம்பில் ஷ்வான் செல் எவ்வளவு முக்கியம் என்பதை நம் ஊரில் விளக்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை, தொழுநோயே போதும். அந்தக் கிருமி மனித நரம்பில் குடியேறுவது குறிப்பாக ஷ்வான் செல்லுக்குள். செல்லைச் சுற்றி இருக்கிற அடிப்படலத்தில் லாமினின் என்ற புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வகை உண்டு, கிருமி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது என்று 1997-இல் அனுரா ரம்புக்கன குழு காட்டியது. உள்ளே மிக மெதுவாகப் பெருகும், ஒன்று இரண்டாக இரண்டு வாரம் ஆகும். உடம்பின் சூடு குறைந்த இடங்கள் அதற்குப் பிடிக்கும், அதனால் முழங்கைக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடுகிற இதே அல்நார் நரம்பு முதலில் மாட்டும். தொட்டால் கயிறு போலத் தடித்துத் தெரியும். விரல்கள் மரத்து, சுண்டுவிரலும் மோதிர விரலும் கொக்கி போல மடங்கிவிடும். விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊரே நம்பியிருந்த காலத்தில், கொல்லிமலையில் பிறந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வேலைபார்த்த பால் பிராண்ட், சதை கெட்டுப்போவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் அழுத்தத்திலும் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகின்றன என்று நிறுவினார். மடங்கிய விரல்களை நிமிர்த்த வேறு தசையின் நாணை மாற்றிப்பொருத்துகிற அறுவை சிகிச்சையை 1940-களின் கடைசியில் அங்கே தொடங்கினார். இன்று கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், கிருமி செத்துவிடும். ஆனால் ஷ்வான் செல்லோடு சேர்ந்து அழிந்த நரம்பை மாத்திரை திருப்பித் தராது. தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்று குய்லான் பாரே நோய். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு வந்து செய்தியானதே, அது. வயிற்றுப்போக்குக் கிருமிக்கு எதிராக உடம்பு செய்த ஆயுதம் தவறி நரம்பின் மேல் பாய்கிறது. அதன் ஒரு வகையில் மயலின் மட்டும் உரிகிறது, ஆக்ஸான் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அப்போது ஷ்வான் செல் மறுபடி உறை சுற்றினால் போதும், 25 சென்டிமீட்டர் ஓட வேண்டியதில்லை. கழுத்துக்குக் கீழே அசையாமல் வென்டிலேட்டரில் கிடந்தவர்கள் சில மாதத்தில் நடந்து வீட்டுக்குப் போவது அதனால்தான். உங்கள் தம்பியின் நரம்பிலும் ஆக்ஸான் போய்ச் சேர்ந்தபின் கடைசி வேலை இதுவே. பழுதுபார்த்த செல் திரும்பவும் மயலின் செல்லாகும். புது உறை பழையதைவிட மெல்லிசாக, துண்டுகள் நீளம் குறைந்து, கணுக்கள் நெருக்கமாக இருக்கும். அதனால் வேகம் முழுதாகப் பழையபடி வராது, அன்றாட வேலைக்கு அது பெரிய குறையில்லை.

மாத்திரை விஷயம். பி12 குறைவாக இருந்தால் அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், மயலினுக்கு அது தேவை. சைவ உணவுக்காரர்களும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்வது நல்லது. அளவு சரியாக இருப்பவருக்கு "நரம்பு மாத்திரை" டப்பா டப்பாவாகக் கொடுத்தால் ஒரு மில்லிமீட்டர் இரண்டாகிவிடும் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள், சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பிசியோதெரபியை ஒரு நாள்கூட விட வேண்டாம். நரம்பு வந்து சேரும்போது மூட்டுகள் இறுகிப்போயிருந்தால் வந்த பயன் கிடைக்காது.

இன்னொன்றுக்குத் தயாராக இருங்கள். நரம்பு நசுங்கியிருந்தால் ஷ்வான் செல்களைச் சுற்றிய அடிப்படலக் குழாய்கள் அப்படியே இருக்கும், ஒவ்வொரு ஆக்ஸானும் தன் பழைய குழாயிலேயே போய்ப் பழைய இடத்தில் சேரும். அறுந்த நரம்பில் குழாய்களும் அறுந்திருக்கின்றன. மோதிர விரலுக்குப் போக வேண்டிய இழை சுண்டுவிரல் குழாயில் நுழைந்துவிடலாம், தொட்டது ஓரிடம் தெரிவது வேறிடம் என்று ஆகலாம். உணர்ச்சி திரும்பியதும் கண்ணை மூடி, துணி, சாவி, நாணயம் என்று தொட்டுப் பழகினால் மூளை புதிய வரைபடத்தைக் கற்றுக்கொள்ளும். அதற்கும் மாதங்கள் ஆகும்.

வளர்ச்சி எங்கே வந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மணிக்கட்டிலிருந்து மேலே நரம்பு போகிற வழியில் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் தட்டும்போது சுண்டுவிரலில் கரண்ட் அடித்த மாதிரி விறுவிறுக்கும். புதிதாக வந்த, இன்னும் உறை சுற்றாத ஆக்ஸான் முனைகள் அங்கே இருக்கின்றன என்று அர்த்தம். 1915-இல், முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களின் நரம்பைத் தட்டிப்பார்த்து டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய சோதனை இது. பேனாவால் புள்ளி வைத்துத் தழும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று மாதம் ஒருமுறை எழுதிவையுங்கள். மாதம் மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கினால் நல்ல சேதி. மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றால் அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள்.

அதோடு, கையை அரை மணிநேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்துப்பாருங்கள். சூட்டை முதலில் நல்ல கையால் பார்த்துவிட வேண்டும், மரத்த விரலுக்குப் பொசுங்குவது தெரியாது. நடுவிரல் நுனி சுருங்கியிருக்கும், சுண்டுவிரல் வழவழவென்று அப்படியே இருக்கும். நுனி சுருங்குவதற்கும் வியர்ப்பதற்கும் அந்த உறையில்லாத மெல்லிய இழைகள் வேண்டும், ஒரே ஷ்வான் செல் பலவற்றைப் பள்ளங்களில் வைத்துக்கொள்கிறது என்றேனே, அவை. சுண்டுவிரல் நுனியில் முதல் சுருக்கம் தெரிகிற அன்று எனக்கு எழுதுங்கள்.